காசி அழுத்தாத சிவப்புப் பொத்தான்

கஸ்தூரியை ஏமாற்றிவிடலாம் என்று நினைக்கிறவர்கள் அவளிடம் ஒரு கட்டு முளைக்கீரை விற்றுப் பார்த்திருக்க மாட்டார்கள். மேலே இருக்கும் இலையை அவள் பார்க்கவே மாட்டாள். கட்டைப் பிரித்து நடுவில் கை விட்டுப் பார்ப்பாள். வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீசுக்குப் பின்னால் புதிதாக முளைத்திருக்கும் தெருக்களில் கீரை விற்கும் அம்மாள், அவள் வீட்டு வாசலில் மட்டும் கூடையைத் தானே இறக்கிவைத்துவிட்டு "நீயே பொறுக்கிக்கோ தாயி" என்று ஒதுங்கி நின்றுவிடுவாள். அப்பேர்ப்பட்ட கஸ்தூரியை அவளுடைய கணவன் காசி பன்னிரண்டு நாள் ஏமாற்றினான். அதுவும் ஒரே ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் படுத்துக்கொண்டு.

கஸ்தூரி அடி அண்ணாமலையில் மணிலாக் கடலை பயிரிடும் அப்பாசாமியின் மூத்த மகள். பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் படித்தாள். அம்பத்தூரில் ஒரு பட்டறையில் ஆறு வருஷம் சர்க்யூட் போர்டுகளுக்கு ஈயம் வைத்தாள். ஈயம் வைத்த போர்டு ஏன் ஓடவில்லை என்று கேட்டுக் கேட்டே அதை ஓடவைக்கிற வேலைக்குள் போய்விட்டாள். இப்போது வயது முப்பத்தாறு. மருத்துவ இயந்திரங்கள் செய்யும் ஒரு சின்ன சென்னைக் கம்பெனிக்கு வீட்டிலிருந்தபடியே வேலை பார்க்கிறாள். தெருவில் அவளை 'செல்போன் ரிப்பேர் பண்ற அம்மா' என்பார்கள். ஆரம்பத்தில் மறுத்துப் பார்த்தாள். பிறகு இரண்டொரு செல்போன்களை ரிப்பேர் செய்தே கொடுத்துவிட்டாள். விளக்கம் சொல்வதைவிட அது சுலபமாக இருந்தது.

அவளுடைய உண்மையான வேலை இதுதான். ஏஆர்எம் ப்ராசஸர் பொருத்திய, உள்ளங்கை அகலத்தில் ஒரு போர்டு. அதன் மேல் லினக்ஸ் என்ற இயக்க மென்பொருள் ஓட வேண்டும். அதுவும் சும்மா லினக்ஸ் இல்லை, ரியல் டைம் லினக்ஸ். சாதாரண லினக்ஸ் நம் ஊர் எலக்ட்ரீஷியன் மாதிரி, வேலையை நன்றாகத்தான் செய்யும், ஆனால் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. ரியல் டைம் என்றால் சொன்ன நொடியில் வந்து நின்றாக வேண்டும். மனிதனின் காலையோ கையையோ பிடித்து நகர்த்தும் இயந்திரத்துக்கு அந்த நேர ஒழுங்கு இல்லாவிட்டால் ஆபத்து.

இதில் ஒரு சங்கடம் உண்டு. அந்த லினக்ஸுக்குக் கண் கிடையாது. மோட்டார் எந்த முனையில் மாட்டியிருக்கிறது, விளக்கு எந்த முனையில், ப்ராசஸர் ஓய்வு கிடைத்தால் எவ்வளவு ஆழமாகத் தூங்கலாம் என்பதெல்லாம் தானாகத் தெரியாது. ஒரு பட்டியலில் எழுதித் தர வேண்டும். டிவைஸ் ட்ரீ என்பது அதன் பெயர். எழுந்தவுடன் லினக்ஸ் அந்தப் பட்டியலைப் படித்து அப்படியே நம்பும். இல்லாத மோட்டாரை இருக்கிறது என்று எழுதினாலும் நம்பும். இப்படி நம்புகிற பிராணியை வைத்துக்கொண்டு மேய்ப்பதால்தானோ என்னவோ, கஸ்தூரி மற்ற எதையும் எளிதில் நம்பமாட்டாள்.

காசியை மட்டும் நம்பினாள். அதற்குக் காரணம் உண்டு.

காசி ஆட்டோ ஓட்டுகிறவன். பஸ் ஸ்டாண்டில் அவன் வண்டிக்கென்று தனிக் கூட்டம் இருக்கிறது. நிறைமாதக்காரிகள், ஆபரேஷன் செய்துகொண்டு வீடு திரும்புகிறவர்கள், முட்டை அட்டை கொண்டுபோகும் கடைக்காரர்கள். காசி வண்டி குலுங்காது. வேகத்தடையைக் கண்டால் பத்தடி முன்பிருந்தே தணிந்து, வண்டியைச் சற்றே சாய்வாகத் திருப்பி, ஒரு சக்கரம் ஏறி இறங்கிய பிறகே அடுத்ததை ஏற்றுவான். ஓட்டப் பழகின காலத்தில் தண்ணீர் நிறைந்த டம்ளரைப் பின்சீட்டில் வைத்து ஓட்டிப் பார்த்தவன். ஒவ்வொரு தடையும் தாண்டியபின் பாதித் தலையைத் திருப்பி "குலுங்கிச்சா?" என்று கேட்பான். பாலிடெக்னிக் போகிற கஸ்தூரியிடமும் மூன்று வருஷம் அதையேதான் கேட்டான். வேறு எதையும் கேட்கத் தைரியம் வரவில்லை. கடைசியில் கேட்டவள் அவள்தான்.

அந்தக் காசியின் வண்டி ஐப்பசி மழையில், செங்கம் ரோட்டில், குறுக்கே வந்த நாய்க்காகப் பிரேக் போட்டபோது சறுக்கிக் கவிழ்ந்தது. சவாரி யாரும் இல்லை. நாய்க்கும் ஒன்றுமில்லை. அவனுடைய வலது முழங்கால் மட்டும் வண்டிக்கும் ரோட்டுக்கும் நடுவில் அகப்பட்டது. ஆபரேஷன் செய்து தகடு வைத்தார்கள். ஆறு வாரத்துக்குள் முட்டி தொண்ணூறு டிகிரி மடங்கியாக வேண்டும், தள்ளிப்போனால் அப்படியே இறுகிவிடும் என்று டாக்டர் சொன்னார். ஆட்டோவில் பிரேக் வலது காலில். தொண்ணூறு வராவிட்டால் கால் பெடலுக்குப் போகாது. கால் பெடலுக்குப் போகாவிட்டால் காசி காசியாக இருக்கமாட்டான் என்பது கஸ்தூரிக்குத் தெரியும். காசிக்கும் தெரியும்.

அவளுடைய கம்பெனி அந்தச் சமயம் செய்துகொண்டிருந்ததே முட்டி மடக்கும் இயந்திரம்தான். காலைத் தொட்டிலில் கிடத்தினால் மோட்டார் மெல்ல மடக்கும், இரண்டு நொடி நிற்கும், மெல்ல நீட்டும். மாதிரி இயந்திரம் சோதனைக்காக அவள் வீட்டில்தான் இருந்தது. கம்பெனியில் கேட்டாள். காசிக்குப் பயிற்சி கொடுக்க வீட்டுக்கு வரும் சிந்துஜாவிடமும் கேட்டாள். சிந்துஜா சின்னப் பெண், ஆனால் கண்டிப்பானவள். "இவ்ளோ டிகிரிக்கு மேல போவக் கூடாதுக்கா, அண்ணன் கையில ஸ்டாப் பட்டன் இருக்கணும்" என்று சொல்லி ஒப்புக்கொண்டாள். சிவப்புப் பொத்தான் ஒன்றைக் காசியின் கையில் கொடுத்தார்கள். ஜெர்க் அடித்தால் அழுத்த வேண்டும், இயந்திரம் நின்றுவிடும், எத்தனை தடவை நின்றது என்று திரையில் எண் ஏறும்.

முதல் நாள் இருபத்து மூன்றாவது நிமிஷம், மடக்கி நின்ற கால் திரும்ப நீளத் தொடங்கும்போது, இயந்திரம் வெடுக்கென்று ஒரு இழுப்பு இழுத்தது. காசி கத்திய சத்தத்தில் பக்கத்து வீட்டில் கதவு திறந்தது. அவன் முகம் வெளுத்து, மூக்கு நுனியில் வேர்வை நின்றது. பொத்தானை அழுத்திய விரலை எடுக்கக்கூட அவனுக்கு வரவில்லை. கஸ்தூரி காலை விடுவித்து, ஒத்தடம் கொடுத்து, சமையலறைக்குப் போனாள். குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். தண்ணீர்ச் சத்தத்தில் கேட்காது என்று நினைப்பு. அந்த வீட்டில் தும்மினாலே எல்லா அறைக்கும் கேட்கும்.

என்ன கோளாறு என்று அவள் அன்றைக்கே ஊகித்துவிட்டாள். கால் நிற்கும் அந்த இரண்டு நொடியில் வேலை இல்லாத ப்ராசஸர் ஆழ்ந்து தூங்கிவிடுகிறது. மோட்டார் கூப்பிடும்போது சில வேளை தாமதமாக எழுந்து, தவறவிட்டதைப் பிடிக்க அவசரப்படுகிறது. டிவைஸ் ட்ரீயில் அந்த ஆழ்ந்த தூக்கத்தின் வரிகளை எடுத்துவிட்டால் போதும். எடுத்தாள். போர்டைக் கம்ப்யூட்டருடன் கேபிளில் இணைத்து, மேஜை மேல் நாலு மணி நேரம் ஓட்டி நேரம் அளந்தாள். ஒரு பிசகும் இல்லை. மறுநாள் கேபிளைக் கழற்றிக் காசியின் அறையில் வைத்தாள். ஒரு மணி நேரம் கழித்து வந்து பார்த்தாள். திரையில் பூஜ்யம்.

"எப்டிங்க இருந்துது?"

"சூப்பரா போவுது. தூக்கமே வந்துட்டுது எனக்கு."

பன்னிரண்டு நாளும் பூஜ்யம். கம்பெனியை நடத்தும் அருணகிரிக்கு "சரியாயிடுச்சு சார்" என்று எழுதினாள். திங்கட்கிழமை இயந்திரத்தை ஒரு ஆஸ்பத்திரிக்கு அனுப்புவதாக ஏற்பாடு.

சனிக்கிழமை பதினோரு மணிக்குச் சிந்துஜா வந்து, கோணம் அளக்கும் ஸ்கேலை முட்டியில் வைத்தாள். ஐம்பத்தெட்டு. போன சனிக்கிழமையும் ஐம்பத்தெட்டுதான்.

"இன்னாண்ணா இது, நாலு வாரம் ஆவுது. நான் கை வச்சாலே தொடை கல்லு மாதிரி இறுகிக்குது. கால் எதுக்கோ பயப்படுதுண்ணா. மெஷின் எங்கனா வெட்டுதா?"

"சேச்சே. அதெல்லாம் இல்லம்மா. புது ரோடு மாதிரி போவுது."

கஸ்தூரி வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். புது ரோடு. இந்த ஊரில் எந்த ரோட்டைப் பற்றியும் காசி ஒரு வரியில் பதில் சொன்னதில்லை. எந்தச் சாக்கடை மூடியருகே எத்தனை அங்குலம் பள்ளம், எந்தத் தடைக்கு வெள்ளைக்கோடு அழிந்துபோயிற்று என்று சாப்பிடும்போதுகூடச் சொல்கிறவன். அவன் இவ்வளவு சுருக்கமாகப் பேசியது அவளுக்குப் பிடிக்கவில்லை.

சிந்துஜா போனதும் கஸ்தூரி கட்டிலில் ஏறி, தன் வலது காலைத் தொட்டிலில் வைத்துப் பட்டைகளை இறுக்கினாள்.

"உனக்கு எதுக்கு அது?" காசி அவசரமாக எழுந்து உட்கார்ந்தான். "கால் நல்லா இருக்கறவங்க வைக்கக் கூடாது."

"யாரு சொன்னா?"

அவள் இயந்திரத்தை ஓடவிட்டாள். இயந்திரம் மடக்கியது, நின்றது, நீட்டியது. பத்து நிமிஷம், இருபது நிமிஷம். தெருவில் கேஸ் வண்டிக்காரன் சிலிண்டரைத் தட்டிக்கொண்டு போனான். கஸ்தூரி இயந்திரத்தைப் பார்க்கவில்லை, காசியின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு முறை கால் மடங்கி நிற்கும்போதும் அவன் இடது கை தானாகப் போய்க் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டது. நீட்டத் தொடங்கியதும் விட்டது. மறுபடியும் பிடித்தது.

நாற்பத்தோராவது நிமிஷம் இயந்திரம் இழுத்தது. நல்ல முட்டிக்கே உள்ளே ஏதோ பிய்ந்தது போல இருந்தது. அவள் "அம்மா" என்றாள். காசி சட்டத்தை விட்டுவிட்டு அவள் பாதத்தைப் பிடித்துக்கொண்டான்.

"தெனம் எத்தினி தடவ?" என்று கேட்டாள்.

"ரெண்டு. ஒரொரு நாள் மூணு."

"பன்னெண்டு நாளா?"

காசி இயந்திரத்தை நிறுத்தி, அவள் காலில் இருந்த பட்டைகளை அவிழ்க்கத் தொடங்கினான்.

"யோவ், உன்னத்தான் கேக்கறேன். பட்டன் எதுக்குய்யா உன் கையில குடுத்தேன்? அழகுக்கா? நீ பூஜ்யம் பூஜ்யம்னு காட்டினத நம்பி நான் சாருக்கு எழுதிட்டேன். நாளைக்கு எவனோ ஒருத்தன் தையல் போட்ட காலை இதுல வைப்பானே!"

காசி தலையைக் குனிந்துகொண்டான். "அன்னிக்கு நீ குழாயத் தொறந்து வுட்டுட்டு அழுதியே," என்றான். "எனக்குக் கேட்டுச்சு. வலி இன்னா, ரெண்டு நொடி. அது பொறுத்துக்கலாம். மறுபடியும் நீ அழறதக் கேக்க முடியாதுன்னு..."

கஸ்தூரிக்குக் கோபம் தாங்கவில்லை. அந்தக் கோபத்தில் பாதி அவன் மேல், பாதி தன் மேல். அத்தனை கோபத்துக்கும் அடியில், இந்த மனுஷனை விட்டால் தனக்கு உலகத்தில் யார் என்ற எண்ணம் இருந்தது. அவன் தோளில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். அடித்த இடத்திலேயே நெற்றியைச் சாய்த்து அழுதாள். இந்த முறை குழாயைத் திறக்கவில்லை.

முகம் கழுவிக்கொண்டு வந்ததும் அருணகிரிக்குப் போன் போட்டாள். "சார், நான் எழுதினது தப்பு. இன்னும் ஜெர்க் இருக்குது. திங்கக்கிழமை அனுப்பக் கூடாது." "கூப்பிட்டுச் சொன்னீங்களே, அதுவே போதும். வியாழன் வரைக்கும் பாருங்க," என்றார் அவர்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வேலை தொடங்கியது. கேபிள் இணைத்திருந்தால் இயந்திரம் ஒழுங்காக இருக்கும், கழற்றினால் இழுக்கும். கேபிள் வழியாக ஓயாமல் செய்தி வந்துகொண்டிருப்பதால் ப்ராசஸருக்கு அசர நேரம் கிடைப்பதில்லை. வாத்தியார் எதிரில் இருக்கும்வரை முழித்திருக்கும் பையன் மாதிரிதான். தான் மேஜை மேல் அளந்த நாலு மணி நேரம் எதற்கும் உதவாது என்று அவளுக்குப் புரிந்தது. கேபிள் இல்லாமல் யாராவது கண்ணால் பார்த்துச் சொல்ல வேண்டும்.

"டம்ளர்ல தண்ணி ஊத்தி வைம்மா," என்றான் காசி. "காலுக்குப் பதிலா மணல் மூட்டை போடு. நான் பாத்துச் சொல்றேன்."

அவள் அவனை உற்றுப் பார்த்தாள்.

"நெசமா சொல்றேன். சத்தியமா."

தொட்டிலில் சாயாமல் நகரும் பலகையில் மணல் மூட்டையும், விளிம்புவரை தண்ணீர் நிறைந்த எவர்சில்வர் டம்ளரும் ஏறின. காசி தலையணையில் சாய்ந்து டம்ளரைக் காவல் காத்தான். கஸ்தூரி பட்டியலில் ஒன்றை மாற்றுவாள், போர்டில் செருகும் மெமரி கார்டில் ஏற்றுவாள், இயந்திரத்தை ஓட்டுவாள். சற்று நேரத்தில் உள்ளிருந்து குரல் வரும். "சிந்திடுச்சு கஸ்தூரி." அவள் வந்து துடைத்து, நிரப்பி, அடுத்த மாற்றத்துக்குப் போவாள். தூக்கத்தின் வரிகளை வேறு விதமாக எழுதிப் பார்த்தாள். மோட்டாரின் அழைப்பு முனையை மாற்றி எழுதினாள். வேகத்தைக் குறைத்தாள். மத்தியானச் சாப்பாட்டுக்குள் நாலு மாற்றம், நாலு முறை தரை நனைந்தது.

"இதுல எதுனா கம்மியா சிந்துச்சா? ஜாஸ்தியா?" என்று சோற்றைப் பிசைந்தபடி கேட்டாள்.

காசி யோசித்தான். இந்த விஷயத்தில் அவன் கண் தராசு மாதிரி. "இல்ல கஸ்தூரி. நாலும் ஒரே மாதிரி. அதே எடத்துல, அதே அளவு. ஒரு சொட்டுகூட வித்தியாசம் இல்ல."

சோற்றில் இருந்த கை நின்றது.

நாலு விதமாக மாற்றினால் ஒன்றிலாவது கொஞ்சம் நன்றாகவோ, கொஞ்சம் மோசமாகவோ ஆகியிருக்க வேண்டும். வேகத்தைக் குறைத்தபோதுகூட அதே அளவா? கையைக் கழுவாமலே போய் உட்கார்ந்து, இடது கையால் பட்டியலைத் திறந்தாள். வேண்டுமென்றே அதைக் கெடுத்தாள். போர்டின் ஓரத்தில் எரியும் பச்சை விளக்கு பற்றிய வரிகளை அடியோடு அழித்தாள். இந்தப் பட்டியலைப் படித்தால் அப்படி ஒரு விளக்கு இருப்பதே லினக்ஸுக்குத் தெரியக் கூடாது. கார்டில் ஏற்றி, போர்டை அணைத்துப் போட்டாள்.

பச்சை விளக்கு ஜோராக எரிந்தது.

"அட பாவி," என்றாள். யாரைச் சொன்னாள் என்று காசிக்கு விளங்கவில்லை.

தன்னைத்தான் சொல்லிக்கொண்டாள். எட்டு மாதத்துக்கு முன் இந்தப் போர்டு வந்தபோது கார்டு செருகும் இடம் லொடலொடவென்று இருந்தது. அதற்காக அவளே பட்டியலின் ஒரு பிரதியைப் போர்டின் உள் நினைவகத்தில் போட்டு, அங்கிருந்து படி என்று கட்டளையும் எழுதி வைத்தாள். பிறகு கார்டு சரியாயிற்று. எழுதிய கட்டளை அவளுக்கு மறந்துபோயிற்று. அன்றிலிருந்து அவள் கார்டில் எழுதி எழுதி வைக்க, போர்டு ஒரு நாளும் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்காமல் பழையதையே படித்துக்கொண்டிருந்திருக்கிறது. முதல் நாள் அவள் கண்டுபிடித்த மருந்து சரியான மருந்துதான். அது நோயாளியின் வாய்க்குள் போகவே இல்லை. காசி இரண்டாம் நாளே பொத்தானை அழுத்தியிருந்தால் இது அன்றைக்கே தெரிந்திருக்கும். தெரியாமல் போனதற்குப் பாதிக் காரணம் தன் அழுகை என்பதையும் அவள் நினைத்துப் பார்த்தாள்.

பழைய பிரதியை அழித்தாள். விளக்கின் வரிகளைத் திரும்பச் சேர்த்து, அந்த முதல் மருந்தையே மறுபடியும் ஏற்றினாள். லினக்ஸ் உண்மையில் எதைப் படித்தது என்று இந்த முறை போர்டுக்குள்ளேயே போய்ப் பார்த்தாள். பிறகு டம்ளரை நிரப்பினாள். சாயங்காலம் நாலு மணிவரை ஓடியது. காசி கண்ணெடுக்கவில்லை. ஒரு சொட்டு சிந்தவில்லை. அதன் பிறகும் அவள் தன் காலை ஒரு மணி நேரம் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் அவன் காலுக்குப் பட்டை கட்டினாள்.

பக்கத்திலேயே கீழே உட்கார்ந்தாள். "வலிச்சா வலிக்குதுன்னு சொல்லணும்."

அரை மணி நேரம் இயந்திரம் மடக்கியது, நீட்டியது. கட்டில் சட்டத்தைப் பிடித்திருந்த கை மெல்ல மெல்லத் தளர்ந்து, எப்போதோ அவள் தலைமேல் வந்து தங்கியது.

"வலிக்குது கஸ்தூரி," என்றான்.

அவள் துள்ளி எழுந்தாள். "ஜெர்க்கா?"

"இல்ல இல்ல. சும்மா வலி. மடக்கறப்போ இழுக்குது. அப்புறம் இடுப்புல ஒரு பக்கம், வண்டி கவுந்ததுலேருந்து. தோளுல, நேத்து நீ அடிச்ச எடம்."

அவன் அவிழ்த்துவிட்ட மூட்டை மாதிரி சொல்லிக்கொண்டே போனான். கஸ்தூரி சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டு, எங்கே எங்கே என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். அந்த வலிகளைக் கேட்பது அவளுக்கு அவ்வளவு நிம்மதியாக இருந்தது.

அடுத்த சனிக்கிழமை ஸ்கேல் எழுபத்தொன்று காட்டியது. ஆறாவது வாரம் முடிய ஒரு நாள் இருக்கும்போது தொண்ணூற்று மூன்று. சிந்துஜா இரண்டு தடவை அளந்து பார்த்தாள்.

தை மாதம் ஒரு காலையில் காசி வண்டியை வெளியே எடுத்தான். முதல் சவாரி கஸ்தூரிதான், பின்சீட்டின் நடுவில், கைப்பிடியைப் பிடிக்காமல் உட்கார்ந்தாள். கலெக்டர் ஆபீஸ் எதிரே இருக்கும் தடை வந்தது. பத்தடி முன்பே வண்டி தணிந்தது, சாய்ந்தது. ஆனால் கால் பழையபடி நுணுக்கமாகப் பேசவில்லை. பிரேக் ஒரு இம்மி முந்திவிட்டது. பின்சக்கரம் தொபுக்கென்று இறங்கியது.

காசி பாதித் தலையைத் திருப்பினான். "குலுங்கிச்சா?"

கண்ணாடியில் அவன் கண் தெரிந்தது. இல்லை என்ற சொல் கஸ்தூரியின் நாக்கு நுனிவரை வந்தது.

"குலுங்கிச்சு," என்றாள்.

அவன் தலையை ஆட்டிக்கொண்டான். பின்னால் வண்டி வருகிறதா என்று பார்த்துவிட்டு, ஆட்டோவைத் திருப்பி, அந்தத் தடையை மறுபடியும் ஏறினான்.